ஆவுடையம்மாள் தயிர்ச்சட்டி காத்த படலம்

வாழ்க சங்கரன்கோவில்! வாழ்க அவ்வூர் மின்வாரிய அலுவலகத்தின் கால் ஆடும் பழைய மேசை! மின்தடைக் காலங்களில் ஊர் முழுதும் ஒன்றுதிரண்டு தொலைபேசி வழியே தொடுத்த வசைக்கணைகளை எல்லாம், அம்மேசைமேல் முழங்கை ஊன்றி, “ஆள் அனுப்பியிருக்கோம்” என்னும் ஒற்றைக் கேடயத்தால் தடுத்து, ஓய்வுபெறும் நாள்வரை முகம் சுளியாது நின்ற பெருந்தகை, கலங்காச் செவியினள், கண்ணாடிக் கண்ணினள், குடையேந்திய கொற்றவை ஆவுடையம்மாள் வாழ்க! அயல்நாட்டு நகர் ஒன்றில் அவள் துணையின்றிப் புகுந்து தயிர் கொண்ட திறத்தையும், கொண்ட தயிரைக் காத்த மறத்தையும் சொல்லப் புகும் இந்த நாக்கு நடுவழியில் வறண்டு போகாதிருக்க, மட்டக்களப்பு வாவியே, நீயே நீர் வார்த்தருள்க.

போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிகள் மூச்சுவாங்கிக் கொண்டிருந்த இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. சங்கரன்கோவில் அடியார் கூட்டமொன்று கதிர்காமத்துக் கந்தனைக் கண்டு வணங்கிவிட்டுக் கொழும்பு விடுதியொன்றில் கால் நீட்டி இளைப்பாறிக் கொண்டிருந்தது. பந்தியில் அமர்ந்திருந்த ஆவுடையம்மாள், வரும் வழியில் பாணி என்னும் பாகு ஊற்றி உண்ட எருமைத் தயிரைப் புகழ்ந்து ஏதோ ஒரு சொல் சொன்னாள். அச்சொல் சென்று தைத்த இடம் விடுதிச் சமையற்காரர் கோணாமலையின் நெஞ்சு. பிறந்தது மட்டக்களப்பு, வளர்ந்தது மட்டக்களப்பு, கொழும்பில் இருப்பது வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமே என்று வாழ்ந்துவந்த அம்மனிதர் அகப்பையைக் கீழே வைத்தார்.

“அம்மா, நீங்க திண்டது தயிரே இல்ல. எங்கட மட்டக்களப்புக்குப் போய் ஒரு சட்டி திண்டு பாருங்க. மறுகா வந்து சொல்லுங்க.”

யாத்திரைக் குழுத் தலைவர் முகம் வெளிறி, “அது சண்ட நடக்கிற ஊரு, அக்கா. ஒத்தையில போகவே கூடாது. தொலஞ்சிதான் போவீங்க” என்றார்.

போகவே கூடாது என்ற சொல்லைக் கேட்ட அக்கணமே போவது என்று முடிவாகிவிட்டது. “சண்டையத்தான் நிறுத்தி வச்சிருக்காங்கள்லா? நாளைக் கழிச்சித்தான பிளேனு? அதுக்குள்ள ஒரு சட்டித் தயிரோட வந்து நிக்கேன், பாருங்க” என்று அவள் உரைத்த வஞ்சினம் சாம்பார் வாளிகளில் மோதி எதிரொலித்தது. ஒரு கையில் குடையும், தோளில் துணிப்பையும், பைக்குள் கடவுச்சீட்டும் ஒரு பொட்டலம் முறுக்கும் கொண்டு, அன்றே அவள் பஸ் ஏறினாள்.

விடியலில் மட்டக்களப்பில் இறங்கினாள். நீர் நடுவே மிதக்கும் தாமரையிலை போன்றது அந்நகரின் நடுப்பகுதி. புளியந்தீவு என்பது பெயர். மாலைப் பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் விமானம். அதைத் தவறவிட்டால் வஞ்சினமும் போய், வானூர்தியும் போய், அயல்நாட்டில் அந்தரிக்க வேண்டியதுதான். இதனைக் கண்டக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே அவள் களம் புகுந்தாள்.

முதற்போர் சொற்போர். சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஒருவரை அணுகி, “தம்பி, தயிர் விக்கிற எடத்துக்கு எப்படிப் போவணும்?” என்று வினவினாள். அவர் பெயர் இளையதம்பி. தொழிலால் மேசன். சுவரின் சாய்வை நோக்காலேயே அளந்து சொல்லும் கூர்ங்கண்ணர். அன்று சிமெந்து வராததால் வேலையின்றி நின்றார். சைக்கிள் சட்டத்தில் ரசமட்டம் ஒன்று வாள்போல் கட்டப்பட்டிருந்தது.

“நேராப் போங்க அம்மா. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கிறுகுங்க. கிறுகினா உடன தயிர்தான்.”

கேட்ட செவி கனன்றது. எத்தனை வசை கேட்ட செவி! ஆயினும் ஊர் வந்து இறங்கியதும் இறங்காததுமாக, பெற்ற மகன் வயதுள்ள ஒருவன், பட்டப்பகலில், நடுத்தெருவில்!

“யாரப் பாத்து கிறுக்குங்கீரு? தயிர் கேட்டா கிறுக்கா? எங்க ஊர்ல வந்து கேட்டீர்னா நாங்க இப்படியா சொல்லுவோம்?”

இளையதம்பி திகைத்தார். அருகிலிருந்த கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். குடையின் முனை ஈட்டியென நிமிர்ந்தது. “ஐயோ அம்மா, நான் ஒண்டும் பிழையாச் சொல்லல்ல” என்று அவர் சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் தம் உடம்பையே ஒருமுறை இடப்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். “இந்தா, இப்பிடி. இதைத்தான் நாங்க கிறுகுற எண்டு சொல்ற.”

ஆவுடையம்மாள் அத்திருப்பத்தை உற்று நோக்கினாள். ஈட்டி தாழ்ந்தது. “அப்படின்னா திரும்புங்கன்னு சொல்லப்பிடாதா?” என்றாள். “திரும்புங்க எண்டா வந்த வழியால வீட்ட போயிருவீங்களே” என்றார் இளையதம்பி. இரு நாட்டுத் தமிழும் அவ்விடத்தே சமாதானம் செய்துகொண்டன.

கிறுகினாள். தயிர் இருந்தது.

மண்சட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் வாயும் தாளால் மூடிக் கட்டப்பட்டிருக்க, அவற்றின் நடுவே இலட்சுமிப்பிள்ளை என்னும் பெண்மணி படைநடுவே அரசிபோல் வீற்றிருந்தாள். அவள் ஒரு சட்டியைத் தேர்ந்து, கயிற்றால் உறிபோல் கட்டி, கைப்பிடி விட்டு நீட்டினாள். “ராவுதான் உறை ஊத்தின அம்மா. ஆட்டாமக் கொண்டு போங்க. சாஞ்சா தண்ணி விட்டிரும். கட்டித் தயிர் மறுகா கட்டியா இரிக்காது.”

இங்கேதான் நம் தலைவி, ஆராய்ந்து அடி வைக்கும் அறிவினள் ஆயினும், ஒரு பிழை செய்தாள். வெற்றிப்பொருளைப் போர் முடிந்தபின் அள்ளிச் செல்வது வேந்தர் வழக்கம். அவளோ மாலைப் பஸ்ஸுக்கு வாங்க வேண்டியதைக் காலையிலேயே வாங்கிவிட்டாள். தீர்ந்துபோய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம். ஆதலால் அன்றைய பகல் முழுதும், அயல்நகரின் தெருக்கள்தோறும், ததும்பாத ஒரு சட்டியைச் சாயாத ஒரு கையில் ஏந்தி உலவும் விதி அவளுக்கு வாய்த்தது.

வலக்கையில் சட்டி, இடக்கையில் குடை. நேரே நடந்தாள். தெரு தண்ணீரில் முடிந்தது. கிறுகினாள். அத்தெருவும் தண்ணீரில் முடிந்தது. கோட்டை மதிலைச் சுற்றினாள். அலை வந்து காலடியில் சிரித்தது. தீவு என்று சொன்னார்கள், மெய்யாகவே தீவாக இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. வெயிலோ உச்சிக்கு ஏறி, உலைக்களத்துக் கொல்லன்போல் ஓங்கி ஓங்கி அறைந்தது. எப்பக்கம் போனாலும் நீரே எதிர்ப்பட, குடிக்க மட்டும் ஒரு மிடறு இல்லாமல், கடைசித் தெருவின் கடைசி மதகில் அவள் நின்றபோது பின்னால் சைக்கிள் மணி ஒலித்தது.

“அம்மா, நீங்க இன்னும் கிறுகிக்கொண்டா இரிக்கிங்க?” என்றார் இளையதம்பி.

அவள் நகைத்தாள். நகைத்ததில் சட்டி ஆடியது. உடனே நகைப்பை அடக்கிக்கொண்டாள்.

அவ்வாவியின் பேர்பெற்ற பாடும் மீனைக் கேட்பது அவளது இரண்டாம் ஆசை. அதற்காக அவள் கல்லடிப் பாலத்துக்கு வழி கேட்க, இளையதம்பி தாமே வழிகாட்டப் புறப்பட்டார். சட்டியைச் சைக்கிளின் பின்னே வைக்கலாம் என்று அவர் சொன்னதை அவள் ஏற்கவில்லை. எனவே அவர் சைக்கிளை உருட்டியபடி பக்கத்தில் நடந்து, “வலப்பக்கம் கொஞ்சம் சரியுது அம்மா… ஓம், இப்ப மட்டம்” என்று தொழில்முறையில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாலத்தைப் பற்றி என்ன சொல்ல! இரும்பால் ஆன முதுகெலும்பு. எதிரெதிரே இரு வண்டி வந்தால் ஒன்று காத்து நிற்க வேண்டிய ஒடுக்கம். கீழே, கண்ணெட்டும் வரை பளிங்குப் பரப்பாய் வாவி. நடுப்பாலத்தை அவள் அடைந்த வேளை, கடற்காற்று பதுங்கியிருந்த படைபோல் பாய்ந்தது. பாய்ந்து குடையைக் கவ்வியது. குடை ஒருமுறை விம்மி, மலர்ந்து, உட்புறம் வெளிப்புறமாய்ப் புரண்டு அவளை வடக்கே இழுத்தது. சட்டியோ தன் கனத்தால் தெற்கே இழுத்தது. அதே கணத்தில் பின்னால் ஒரு லொறி யானைபோல் பிளிறியது.

குடையா, சட்டியா? அந்தக் குடையோ அவள் ஓய்வுபெற்ற நாளில் மின்வாரியத்தார் பரிசளித்தது. பிடியில் அவள் பெயர் பொறித்தது. ஒரு நொடிதான் தயங்கினாள். இடக்கை விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன. கருங்குடை வானில் எழுந்து, வட்டமிட்டு, வாவியில் வீழ்ந்து மிதந்தது. கீழே தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் துடுப்பால் அதைத் தம்பக்கம் இழுத்தெடுத்து, உதறி, நிமிர்த்தி, விரித்து, அதன் நிழலில் அமர்ந்து, ஒன்றுமே நடவாததுபோல் வலையைத் தொடர்ந்தார்.

“மீன் பாடுதா?” என்றாள் ஆவுடையம்மாள்.

“இப்ப பாடாது அம்மா. பௌர்ணமி ராவையில தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தலைப்பில காத வெச்சித்தான் கேக்கணும்.”

“இத முதல்லயே சொல்லக்கூடாதா?”

“நீங்க பாலத்தத்தானே கேட்டிங்க?”

தயிர் இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கிறுகினாள். ஊரைவிட்டு வெளியே போகையில் எவரும் கேட்கவில்லை. ஊருக்குள் திரும்புகையில்தான் பாலத்தடியில், மணல்மூட்டை அரணுக்கு முன்னே, சோதனைச் சாவடியில் வரிசை நீண்டிருந்தது. சமாதான காலமாயினும் சோதனைக்கு ஓய்வில்லை. மீசை அரும்பிய சிங்களச் சிப்பாய் ஒருவன், அரிசி மூட்டைகளைக் குத்திப் பார்க்கும் நீண்ட இரும்புக் கம்பியோடு நின்றான். அக்கம்பி அவள் சட்டியை நோக்கித் திரும்பியது.

“அம்மே, இதி என்ன?”

“தயிரு.”

“தொறக்க.”

“தொறக்க மாட்டேன். தொறந்து கம்பிய விட்டா தண்ணி விட்டுரும்.”

அவன் கம்பியை அசைத்தான். அவள் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வரிசை மூச்சடக்கியது. கோட்டைவாயிலில் இரு கொம்பன் யானைகள் எதிர்ப்பட்டதுபோல், இரும்பும் உள்ளங்கையும் எதிரெதிர் நின்றன. பின்னால் நின்ற இளையதம்பி சமாதானம் சொல்ல முன்னே வந்தார்.

“விடுங்க தம்பி, நான் அவன்கிட்டப் பேசுதேன்” என்றாள் அவள்.

“ஐயோ, ஆமிக்காரனுக்குப் பேசாதீங்க அம்மா!” என்று அலறினார் அவர். அவ்வூரில் ஒருவருக்குப் பேசுவது என்றால் திட்டுவது. “பேசாதீங்க! கதைங்க, கதைங்க!”

“இப்ப கதை சொல்லதுக்கா நேரம்?” என்றாள் ஆவுடையம்மாள். பின்பு சிப்பாயை நேருக்கு நேர் நோக்கி, மின்வாரிய மேசையில் பழகிய அதே நிதானக் குரலில், அவன் மொழியறியாது உரைத்தாள்: “ராசா, நீ பாக்கவேண்டியதுதான். நான் வேண்டாங்கல. ஆனா அந்தக் கம்பி காலையிலருந்து எத்தன மூட்டைக்குள்ள போயிட்டு வந்திருக்கு? அதக் கழுவினியா?”

இளையதம்பி அதை நடுங்கும் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். சிப்பாய் கம்பியைப் பார்த்தான். அதில் உமி இருந்தது, வெங்காயத் தோல் இருந்தது, கருவாட்டுச் செதில் ஒன்று மினுங்கியது. அவன் காற்சட்டையில் துடைத்தான். அவள் தலையசைத்து மறுத்தாள். போத்தல் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மறுபடியும் மறுத்தாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனும் சிரிப்பை அடக்க முடியாமல், கம்பியைச் சாய்த்துவைத்துவிட்டு, உறிக்கயிற்றை அவிழ்த்து, சட்டியை இரு கையாலும் மெல்லத் தூக்கி, அதில் காதை வைத்தான்.

கேட்டான். பாலம் முழுதும் அவனோடு சேர்ந்து கேட்டது. சட்டிக்குள் எதுவும் டிக் டிக் என்று ஓடவில்லை. மீனைக் கேட்கப் போனவள் ஏமாந்து நிற்க, தயிரைக் கேட்டவன் நிம்மதியடைந்தான்.

“மீகிரி” என்றான், தன் மொழியில் தயிருக்கு உரிய பெயரைச் சொல்லி. தாளின்மேல் ஒருமுறை மோந்தும் பார்த்தான். பிறகு கயிற்றைத் திரும்பக் கட்ட முயன்றான். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு உறி கட்டத் தெரியவில்லை. முடிச்சு சிக்கலானது. கயிறு இற்றது. அவன் தலைகுனிந்து சட்டியை நீட்ட, அவள் குழந்தையை வாங்குவதுபோல் இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்று எஞ்சிய பொழுதெல்லாம் இரு கையும் சட்டிக்கே உரியவாயின. வியர்வையைத் துடைக்கக் கையில்லை, ஈயை விரட்டக் கையில்லை. தேத்தண்ணிக் கடையில் இளையதம்பி வாங்கித் தந்த, பால் விடாத பிளேன்டீயை, சட்டியை மடியிலிருத்தி, கோப்பையை அவர் தாங்கிப் பிடிக்கக் குனிந்து குடித்தாள். குடித்து நிமிர்ந்தபோது, இந்த மனிதன் காலையிலிருந்து தன்னோடு ஏன் அலைகிறான் என்று முதன்முறையாக நினைத்தாள். கேட்கவும் செய்தாள்.

“வேல இல்லாத நாளில வீட்ட இரிந்தா இந்தச் சண்டைக்குள்ள நடந்ததெல்லாம் யோசின வரும் அம்மா” என்றார் இளையதம்பி. “இண்டைக்கு ஒண்டும் வரல்ல. உங்கட சட்டியப் பாக்கவே நேரம் போயித்து.”

அவள் தன் துணிப்பையைக் கண்ணால் காட்டி, முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

மாலை வந்தது. பஸ்ஸும் வந்தது. அந்தோ, பஸ் நிலையத்துப் போரை எவ்வாறு உரைப்பேன்! மூட்டைகளும் முழங்கைகளும் மோத, பிள்ளைகள் சன்னல் வழியே உள்ளே அனுப்பப்பட, கைக்குட்டைகள் இருக்கைதோறும் கொடியென நாட்டப்பட, உடைபடும் அணையில் பாயும் வெள்ளம்போல் மக்கள் வாசலில் பாய்ந்தனர். ஏந்திய கையை இறக்க இயலாத நம் தலைவி, கரையொதுங்கிய ஓடம்போல் ஓரமாய் நின்றாள். அப்போது பஸ்ஸின் சன்னலில் ஒரு முக்காடிட்ட தலை தோன்றி அருள்மொழி கூறிற்று. ஓட்டமாவடிக்குப் போகும் துணி வியாபாரி உம்மு குல்தூம் அவள்.

“அக்கா! அந்தச் சட்டியோட இடிபடாதீங்க. எனக்குப் பக்கத்தில என்ட பேக்க வெச்சிரிக்கன். எல்லாரும் ஏறின பொறவு ஆறுதலா வாங்க. ஒருத்தரையும் இருக்க விடமாட்டன்.”

வெற்றி! காற்று கவர வந்தது, கவரவில்லை. இரும்பு குத்த வந்தது, குத்தவில்லை. பகலெல்லாம் சாயாத சட்டி இதோ இருக்கிறது, இருக்கையும் இருக்கிறது. கூட்டம் ஏறித் தீர்ந்தபின், ஆவுடையம்மாள் ஒரு காலைப் பஸ்ஸின் படியில் எடுத்து வைத்தாள். வைத்தவள், பின்னே சைக்கிளோடு நின்ற இளையதம்பியை நினைந்து திரும்பினாள்.

“போயிட்டு வாரேன் தம்பி” என்றாள். நெஞ்சு நெகிழ்ந்தது. முகம் தெரியா ஊரில் பகல் முழுதும் தன் சட்டிக்கு மட்டம் பார்த்த அந்த மனிதனுக்கு, சொல் போதாதென்று தோன்றியது. ஆகவே, பண்பில் வழுவாப் பாண்டிநாட்டுப் பெண், இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் கூப்பினாள்.

இரு கைகளையும்.

கூப்பிய கைகளுக்கும் குழைந்த நெஞ்சுக்கும் இடையில், தாங்குவாரின்றி, சட்டி ஒரு கணம் வானில் நின்றது. இளையதம்பியின் வாய் திறந்தது. கண்டக்டரின் “கொழும்பு, கொழும்பு” பாதியில் அறுந்தது. காற்றுக்கும் கம்பிக்கும் கூட்டத்துக்கும் அஞ்சாத அச்சட்டி, நன்றியறிதல் ஒன்றினால், மட்டக்களப்பு மண்ணில் வீழ்ந்து, இடியேறு விழுந்த மலைபோல் பிளந்தது.

வசைமாரிக்குக் கலங்காத கண்கள் கலங்கின. படியிலிருந்து இறங்கி, தரையில் கிடந்ததைப் பார்த்தபடி, “கொண்டாரேன்னு சொன்னேனே” என்றாள் மெல்ல, யாருக்கும் இல்லாமல்.

ஆனால் காண்க! கட்டித் தயிர் ஓடவில்லை. சிதறிய ஓடுகள் ஒவ்வொன்றிலும், பிறைநிலாத் துண்டுகள்போல் வெண்மை ஒட்டி நின்றது. முதலில் குனிந்தவர் கண்டக்டர். “அழாதீங்க அம்மா. ஓட்டில இரிக்கிறதில மண் படல்ல” என்றார். உம்மு குல்தூம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து ஒரு பெரிய ஓட்டை எடுத்து ஆவுடையம்மாள் கையில் வைத்தாள். “தின்னுங்க அக்கா. இனி இதக் கொண்டு போக ஏலா. வகுத்துக்குள்ள கொண்டு போங்க.”

ஆவுடையம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பின்பு நிமிர்ந்து நின்று, பஸ் நிலையம் முழுதும் கேட்க, தன் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டாள்: “எல்லாரும் வாங்க. ஆளுக்கொரு ஓடு எடுத்துக்கிடுங்க. ஒரு சொட்டு வீணாகக் கூடாது!”

வந்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். மேசன் இளையதம்பி தம் ஓட்டை மட்டம் சாயாமல் ஏந்தினார். சன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. பாற்கடல் கடைந்து எழுந்த அமுதை வானோர் பந்தியிருந்து பெற்றாற்போல், போர் தின்று மிச்சம் விட்ட அந்த ஊரின் மாலை வெளிச்சத்தில், ஊர்க்காரரும் அயலாரும், கோயிலுக்குப் போவோரும் பள்ளிவாசலுக்குப் போவோரும், தோளோடு தோள் நின்று, உடைந்த ஓட்டில் விரல்விட்டு வழித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “நல்ல தயிர், நல்ல தயிர்” என்று தலையசைத்து உண்ண, நடுவே நின்ற ஆவுடையம்மாள், பகலெல்லாம் உயிரெனக் காத்த அப்பெரும்பொருளின் முதற்கவளத்தை, கண்மூடி, நாவில் இட்டாள்.

தயிர் கொஞ்சம் புளித்திருந்தது.